கத்தரிக்காய் 40 ரூபாயா 110 ரூபாயா: ஆர்கானிக் போர்டுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு

வேளச்சேரியோ அண்ணா நகரோ, ஒரே தெருவுல தள்ளுவண்டியில கத்தரிக்காய் கிலோ 40க்கு விக்குது, நாலு கடை தள்ளி பச்சை போர்டு மாட்டின கடையில பாக்க அதே மாதிரி இருக்கற கத்தரிக்காய் 110. பக்கத்துலயே ஓட்டை விழுந்த நாலு காயும் கூடையில கிடக்கும், அதயும் அதே விலைக்குத் தான் தருவாங்க. இதப் பாத்துட்டு பாதி பேர் எல்லாம் ஏமாத்து வேலைன்னு போயிடறாங்க, மீதி பேர் குழந்தைக்கு விஷம் குடுக்கக் கூடாதுன்னு கண்ண மூடிட்டு வாங்கறாங்க. அந்த 70 ரூபாய் வித்தியாசம் எங்க போகுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் சில சமயம் தெரியாது. அத அடியில இருந்து பாப்போம்.

முதல்ல வார்த்தைங்க

போர்டுல எழுதற வார்த்தைங்க எல்லாம் ஒண்ணு மாதிரி கேக்கும், ஆனா ஒண்ணு இல்ல.

1. ஆர்கானிக். அரசாங்கத் தமிழ்ல அங்கக வேளாண்மை. இதுக்கு சட்டம் இருக்கு, சான்றிதழ் இருக்கு, லோகோ இருக்கு. முக்கியமா இது விளைவிச்ச முறையப் பத்தின வார்த்தை. எந்த நிலம், எத்தன வருஷமா ரசாயனம் போடல, என்ன விதை, என்ன எரு, இதெல்லாம் தான் பாக்கறாங்க, காய கையில எடுத்து பாத்து ஆர்கானிக்கான்னு யாரும் சொல்ல முடியாது.

2. கெமிக்கல் ஃப்ரீ, நஞ்சில்லா காய். இதுக்குன்னு தனியா சான்றிதழ் முறை எதுவும் கிடையாது, சொல்றவர் வாக்கு தான். நேர்மையா பண்ற சின்ன விவசாயிங்க பல பேர் இந்த வார்த்தையத் தான் போடறாங்க, ஏன்னா ஆர்கானிக்னு போட்டா சான்றிதழ் எங்கன்னு கேப்பாங்க. நேர்மை இல்லாதவங்களும் அதே காரணத்துக்காக இதே வார்த்தையத் தான் போடறாங்க, அது தான் சிக்கல்.

3. பெஸ்டிசைட் ஃப்ரீ. பூச்சிமருந்து அடிக்கல, அவ்ளோ தான். யூரியா, டிஏபி மாதிரி ரசாயன உரம் போட்டிருக்கலாம். பொய் இல்ல, ஆனா ஆர்கானிக்கும் இல்ல.

4. ஹைட்ரோபோனிக்ஸ். மண்ணே இல்லாம தண்ணியில சத்து உப்புகளக் கரைச்சு வளர்க்கறது. அந்த உப்புல கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் எல்லாம் இருக்கும், அதாவது ரசாயன உரம் தான். லெட்டூஸ் சுத்தமா பளபளன்னு இருக்கும், மருந்து எச்சமும் இல்லாம இருக்கலாம், ஆனா ஆர்கானிக்னு சொன்னா தப்பு.

5. நாட்டுக் காய். இது ரகத்தப் பத்தினது. நாட்டு ரகத்துக்கும் மருந்து அடிக்கலாம், ஹைபிரிட் விதையயும் மருந்தில்லாம விளைவிக்கலாம். நாட்டுத் தக்காளின்னு எழுதியிருந்தா அதுக்கு மருந்தோட எந்த சம்பந்தமும் இல்ல.

இன்னொண்ணு, ஆர்கானிக்னா எதுவுமே தெளிக்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு. தெளிப்பாங்க. வேப்பங்கொட்டைக் கரைசலும் பூச்சிய விரட்டறது தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையக் கூட கட்டுப்பாட்டோட அனுமதிக்கறாங்க. இயற்கையா கிடைக்கறதா, மண்ணக் கெடுக்காததா, ஆர்கானிக் விதிமுறையில அனுமதிச்ச பட்டியல்ல இருக்கா, இது தான் கேள்வி.

உரம் ஒரு கதை, மருந்து வேற கதை

இந்த ரெண்டயும் ஒண்ணா சேத்து கெமிக்கல்னு சொல்லிடறோம். சாப்பிடறவங்களுக்கு பயம் மருந்து மேல, விளைவிக்கறவங்களுக்கு கஷ்டம் ரெண்டுலயும்.

மொதல்ல உரம். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தோட 270 ரூபாய்க்குள்ள கிடைக்குது, அதுல 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது மூட்டைக்கு 20 கிலோவுக்கு மேல. தொழு எருவுல தழைச்சத்து தோராயமா அரை சதவீதம். அந்த 20 கிலோவ மாட்டு எருவுல இருந்து எடுக்கணும்னா கிட்டத்தட்ட 4 டன் எரு வேணும். ஒண்ணு டிவிஎஸ் 50 பின்னாடி கட்டிட்டு வந்துடலாம், இன்னொண்ணுக்கு டிராக்டர் வேணும், அள்ளிப் போட ஆள் வேணும், அதுலயும் மொத வருஷம் செடிக்குப் போய்ச் சேர்றது ஒரு பங்கு தான், மீதி மண்ணுல மெதுவா மக்கி அடுத்தடுத்த வருஷம் தான் வரும். அதனால தான் தக்கைப்பூண்டுங்கற பசுந்தாள் உரச் செடிய விதைச்சு பூக்கறப்ப மடக்கி உழறது, பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் மாதிரி புளிக்க வெச்ச கரைசல்னு பல வழி வெச்சிருக்காங்க. பஞ்சகவ்யத்த இன்னிக்கு நாம பாக்கற வடிவத்துல பயிருக்குப் பரப்பினவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். வழக்கமா 3 சதவீதம், அதாவது 100 லிட்டர் தண்ணிக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கறது. இதெல்லாம் வாங்கற செலவு கம்மி, தயாரிக்கற வேலை அதிகம்.

மண்ணு ஒரே சீசன்ல மாறாது. இலங்கையில 2021ல ரசாயன உர இறக்குமதிய ஒரே அடியா நிறுத்தினாங்க, விளைச்சல் விழுந்துச்சு, அந்த வருஷம் நவம்பர்லயே பின்வாங்கினாங்க. அத வெச்சு ஆர்கானிக்கே வேலைக்காகாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அது அவசர முடிவு. பத்து இருவது வருஷமா யூரியா பழகின மண்ண நாளைல இருந்து எருவுக்கு மாத்துன்னா இது தான் நடக்கும், அவ்ளோ தான் அதுல தெரியுது. சின்ன பண்ணைக்கும் மொத ரெண்டு வருஷம் கிட்டத்தட்ட அதே நிலம தான், விளைச்சல் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது.

இப்ப மருந்து. காய்கறிக்கு நெல்லுக்கு இல்லாத ஒரு பிரச்சன இருக்கு. நெல் ஒரே தடவ அறுப்பு. வெண்டைக்காய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும், விட்டா முத்திடும். கத்தரி நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ. மருந்து டப்பா மேல அடிச்ச பிறகு இத்தன நாள் கழிச்சுத் தான் பறிக்கணும்னு போட்டிருக்கும், அதுக்குப் பேரு காத்திருப்புக் காலம். ஒரு வாரம் காத்திருக்கணும்னு இருந்தா வெண்டை விவசாயி மூணு பறிப்ப கீழ கொட்டணும், யார் கொட்டுவாங்க? காலைல அடிச்சு மறுநாள் பறிச்சு மண்டிக்கு அனுப்பறது அவங்க கெட்டவங்கங்கறதால இல்ல, பயிரோட ஓட்டமும் மருந்தோட கணக்கும் ஒத்துப்போகல. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா எந்தக் காயில அதிகம் யோசிக்கணும்னு தெரிஞ்சிடும்: அடிக்கடி பறிக்கற காய், அப்பறம் இலையோட அப்படியே சாப்பிடற கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை. சுரைக்காய், பூசணி மாதிரி தோல் சீவற காய்ல கவல கொஞ்சம் கம்மி.

கழுவினா போயிடாதா? பாதி போகும். செடி மேல படிஞ்சு நிக்கற மருந்து உண்டு, அது உப்புத் தண்ணி, புளித் தண்ணியில ஊற வெச்சுக் கழுவினா நல்லாவே குறையும். செடி உறிஞ்சி உள்ளுக்குள்ள ஓடற ஊடுருவும் மருந்தும் உண்டு, இமிடாகுளோபிரிட் மாதிரி, அது காய்க்குள்ள இருக்கும், எந்தத் தண்ணியும் வெளிய எடுக்காது. மோனோகுரோட்டோபாஸும் ஊடுருவற ரகம் தான், காய்கறிக்கு அத அடிக்கக் கூடாதுன்னு 2005லயே தடை வந்தாச்சு. எண்டோசல்ஃபான்ங்கற பூச்சிமருந்த 2011ல உச்ச நீதிமன்றம் மொத்தமா நிறுத்துச்சு.

கத்தரிக்காய ஏன் உதாரணமா எடுத்தேன்

ஏன்னா மருந்தில்லாம விளைவிக்கறதுல பெரிய தலைவலி அது தான். தண்டு, காய்த்துளைப்பான்னு ஒரு புழு. அந்துப்பூச்சி இலையில முட்டை வைக்கும், புழு மொதல்ல குருத்துக்குள்ள போகும், நுனி வாடித் தொங்கும், காய் வந்ததும் காய்க்குள்ள போயிடும். உள்ள போன பிறகு மேல அடிக்கற மருந்து பெரும்பாலும் அதத் தொடாது. அதனால வழக்கமான விவசாயத்துல உள்ள போறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்ப அடிக்கறாங்க. இந்தப் புழுவுக்காகத் தான் மரபணு மாத்தின பிடி கத்தரியே கொண்டு வந்தாங்க, 2010 பிப்ரவரியில அதுக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு, இன்னிக்கும் அது வரல. ஆர்கானிக்ல மரபணு மாத்தின விதைக்கு எப்படியும் இடம் இல்ல.

அப்ப மருந்தில்லாம என்ன பண்றாங்கன்னா:

1. வாடின நுனிய தினமும் கிள்ளி எடுத்து அழிக்கறது. வயல்லயே போட்டா புழு வெளிய வந்து அடுத்த செடிக்குப் போயிடும், அதனால தூரமா கொண்டு போய் எரிக்கணும் இல்ல புதைக்கணும்.

2. இனக்கவர்ச்சிப் பொறி. பெண் அந்துப்பூச்சி வாசனைய வெச்சு ஆண் பூச்சியப் பிடிக்கறது. சுத்தி இருக்கறவங்களும் வெச்சா தான் நல்லா வேலை செய்யும்.

3. வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்ப இடிச்சு ராத்திரி ஊற வெச்சு, காலைல வடிகட்டி 100 லிட்டர் ஆக்கி, இலையில ஒட்டறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலமா அடிக்கணும். வெயில்ல அடிச்சா வீரியம் போயிடும், மழை வந்தா கழுவிட்டுப் போயிடும், அப்பறம் திரும்ப அடி.

4. டிரைக்கோகிரம்மான்னு கண்ணுக்குத் தெரியுமான்னு கேக்கற அளவு சின்ன குளவி. அந்துப்பூச்சி முட்டையில அது முட்டை வைக்கும், அதுல இருந்து புழு வராது. அட்டையில ஒட்டி விக்கறாங்க, வாங்கி செடியில கட்டி விடறது.

5. வரப்போரம் மக்காச்சோளம், நடுவுல செண்டுமல்லி. வெள்ளை ஈ, அசுவினிக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை.

இவ்ளோ பண்ணியும் சொத்தை வரும். இதுல எதுலயும் பெருசா பணம் இல்ல, தினமும் வயல்ல நடக்கற ஒரு ஆள் தான் இதுல இருக்கு. நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா கதை முடிஞ்சுது. சனி ஞாயிறு மட்டும் போய்ப் பாக்கற ஐடி கம்பெனி விவசாயம் கத்தரியில தோக்கறதும், முருங்கை, சுரைல தப்பிக்கறதும் இதனால தான்.

சென்னைய சுத்தி எது விளையும், எப்ப விளையும்

இது தெரிஞ்சா பாதி ஏமாத்து பிடிபட்டுடும். திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் சூடு, கடல் காத்து. இங்க வர்றது கத்தரி, வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு, பாகல், சுரை, பூசணி, முள்ளங்கி, மிளகாய், முருங்கை, எல்லாக் கீரையும். கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், அதாவது நம்ம பாட்டிங்க இங்கிலீஷ் காய்னு சொல்ற வகை, பெரும்பாலும் நீலகிரி, கொடைக்கானல், கர்நாடகா பக்கம் இருந்து வருது. தக்காளி பெரிய அளவுல மதனப்பள்ளி, கோலார்ல இருந்து. அப்ப மே மாசம் திருப்போரூர் பண்ணையில எங்க சொந்த ஆர்கானிக் கேரட்னு யாராவது சொன்னா, சரிங்க, வயலக் காட்டுங்கன்னு சொல்லலாம்.

காலமும் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றது சும்மா இல்ல, ஜூலை ஆகஸ்ட்ல விதைச்சது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி வேர் பிடிச்சு நிக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இங்க தான் நமக்கு மழை, 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மாதிரி ஒண்ணு வந்தா தாழ்வான வயல் எல்லாம் குளம், கீரை பாத்தி அப்படியே அழுகிடும். அதுக்கப்பறம் தைப்பட்டம். ஏப்ரல் மே வெயில்ல தண்ணி இருக்கறவங்களுக்குத் தான் விவசாயம், அதுலயும் கடலோரம் தண்ணி உப்பு, மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீர்ல கடல் தண்ணி உள்ள வந்து பல வருஷம் ஆச்சு. ஆக உண்மையான உள்ளூர் பண்ணையோட லிஸ்ட் மாசத்துக்கு மாசம் மாறும், சில வாரம் கூடை பாதி காலியா வரும். வருஷம் முழுக்க ஒரே 25 காய் லிஸ்ட் போடற இடம் பண்ணை இல்ல, கடை. கடையா இருக்கறது தப்பில்ல, பண்ணைன்னு சொல்லிக்கறது தான் தப்பு.

தண்ணிய பத்தி ஒரு வார்த்தை. உரமும் மருந்தும் போடலன்னாலும் சாக்கடை கலந்த தண்ணியில வளர்ந்த கீரை நல்ல கீரை இல்ல. நகரத்துக்குள்ள, கால்வாய் ஓரம் வளர்றதுக்கு இந்தக் கேள்விய கட்டாயம் கேக்கணும், கெமிக்கல் ஃப்ரீங்கற வார்த்தை இதுக்கு பதில் சொல்லாது.

சட்டம் என்ன சொல்லுது

இந்தியாவுல ரெண்டு வழி இருக்கு.

1. என்பிஓபி, அதாவது தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். 2001ல ஆரம்பிச்சது, வணிக அமைச்சகத்துக்குக் கீழ இருக்கற அபேடாங்கற ஏற்றுமதி அமைப்பு நடத்துது, மொதல்ல ஏற்றுமதிக்காக வந்தது. வெளியாள் வந்து சோதன பண்ணி சான்றிதழ் தருவாங்க. தமிழ்நாட்டுல அரசாங்கமே இதுக்கு ஒரு துறை வெச்சிருக்கு, கோயம்புத்தூர்ல இருக்கற விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. காய்கறி மாதிரி பயிருக்கு ரெண்டு வருஷம் மாறுதல் காலம் (ரசாயனத்த விட்ட பிறகு முழுச் சான்றிதழுக்குக் காத்திருக்கற காலம்), மரப்பயிருக்கு மூணு வருஷம். ஆண்டுக் கட்டணம், ரெக்கார்டு, வரைபடம், பக்கத்து வயல்ல இருந்து இடைவெளி, எல்லாம் உண்டு.

2. பிஜிஎஸ் இந்தியா. விவசாய அமைச்சகத்தோடது, உள்ளூர் விற்பனைக்கு. குறைஞ்சது அஞ்சு விவசாயிங்க சேர்ந்து ஒரு குழு, ஒருத்தர் வயல இன்னொருத்தர் போய்ப் பாத்து சரின்னு சொல்லணும். வெளி ஆய்வாளர் செலவு இல்ல. மாறுதல் காலத்துல பிஜிஎஸ் கிரீன், முடிச்ச பிறகு பிஜிஎஸ் ஆர்கானிக். நாலு பேர் சேர்ந்து பொய் சொன்னா என்னன்னு கேக்கலாம், சொல்லலாம் தான், ஆனா ஒருத்தர் மாட்டினா குழுவுல எல்லாருக்கும் பாதிப்பு, கிராமத்துல யார் ராத்திரி டேங்க் தூக்கிட்டு மருந்தடிக்கப் போனாங்கன்னு ஆய்வாளர விட பக்கத்து வயக்காரருக்குத் தான் நல்லாத் தெரியும். சின்ன பண்ணைக்கு இது தான் பொருத்தம்னு எனக்குப் படுது.

இதுக்கு மேல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம். 2017ல ஆர்கானிக் உணவுக்கு விதிமுறை போட்டாங்க, 2018 ஜூலை 1ல இருந்து நடைமுறை. ஆர்கானிக்னு சொல்லி விக்கணும்னா மேல சொன்ன ரெண்டுல ஒண்ணு வேணும், ஜெய்விக் பாரத்ங்கற லோகோவும் அதோட வந்தது. ஆனா முக்கியமான ஒரு விலக்கு இருக்கு: விளைவிச்சவரே சாப்பிடறவங்களுக்கு நேரா வித்தா சான்றிதழ் கட்டாயம் இல்ல. வருஷத்துக்கு 12 லட்சம் வரைக்கும் விக்கற சின்ன உற்பத்தியாளருக்குத் தான் இது, லோகோவயும் போட்டுக்கக் கூடாது. அதனால சனிக்கிழம சந்தையில சான்றிதழ் இல்லாம ஒரு விவசாயி ஆர்கானிக்னு சொல்றது சட்டப்படி தப்பில்ல, அதே காய கடைக்காரர் வாங்கி வெச்சு அப்படிச் சொன்னா அது வேற விஷயம்.

காய்ல மிச்சம் நிக்கற மருந்து எச்சத்துக்கும் அளவு இருக்கு. எந்தக் காய்ல எந்த மருந்து எவ்ளோ இருக்கலாம்னு எஃப்எஸ்எஸ்ஏஐ பட்டியல் போட்டிருக்கு, அதுல இல்லாத மருந்துக்கு பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 கிலோ காயில 1 மில்லிகிராம். ஆர்கானிக்னா அந்த அனுமதி அளவுல 5 சதவீதம், இல்ல லேப் கருவியால அளக்க முடியற அளவு, ரெண்டுல எது கூடுதலோ அது. பூஜ்யம்னு சட்டமே கேக்கல, ஏன்னா பக்கத்து வயல்ல அடிச்சா காத்துல பறந்து வரும், வாய்க்கால்ல வரும். சுத்தமா பூஜ்யம்னு சத்தியம் பண்றவர விட, வடக்கு வரப்புல பக்கத்து வயல் இருக்கு, அதனால அந்தப் பக்கம் ரெண்டு வரிசைய நான் விக்கறதில்லன்னு சொல்றவர நம்பலாம்.

விலை எப்படி ஏறுது

இப்ப அந்த 70 ரூபாய்க்கு வருவோம். கீழ இருக்கற எண்கள் கணக்கு புரியறதுக்காக நானா போட்டது, எந்தப் பண்ணையோட கணக்கும் இல்ல.

100 கிலோ கத்தரி பறிச்சாச்சு. மருந்தடிச்ச வயல்னா 5 கிலோ கழிவு போக 95 கிலோ மண்டிக்குப் போகும். கூலி, உரம், மருந்து 1,200, வண்டி வாடகையும் கமிஷனும் 500, மொத்தம் 1,700. கிலோவுக்கு 18 ரூபாய் அடக்கம்.

மருந்தில்லாத வயல்ல 20 கிலோ சொத்தை, மாட்டுக்குப் போச்சு. மீதி 80. கூலி, கரைசல், எரு 1,500. மண்டியில இதுக்குத் தனி விலை கிடையாது, கோயம்பேட்டுல விடியறதுக்கு முன்னாடி எவ்ளோ லாரி வந்துதோ அது தான் விலை, ஆர்கானிக்கானு யாரும் கேக்க மாட்டாங்க. அதனால தனி வண்டி வெச்சு நேரா நகரத்துக்கு வரணும், 800. பை, பிரிச்சு எடை போட 400. மொத்தம் 2,700. கடைசியில 65 கிலோ வித்துது, 15 கிலோ வாடிப் போச்சு. 2,700ஐ 65ஆல வகுத்தா கிலோவுக்கு 42 ரூபாய் கிட்ட. விவசாயியோட சொந்தக் கூலியும் லாபமும் இதுல இன்னும் சேரல, கடை நடுவுல வந்தா அவங்க வாடகை, அவங்க வாடல் வேற. அப்படித் தான் 110 ஆகுது.

இதுல பாருங்க. அந்த 15 கிலோ வாடாம 80ம் வித்திருந்தா அடக்கம் 34. கொஞ்சமா ஓட்டை இருக்கற 10 கிலோவ வெட்டிட்டு சமைச்சுக்கறோம்னு வாங்கினவங்க எடுத்திருந்தா 90 கிலோ, அடக்கம் 30. வயல்ல ஒரு மாத்தமும் இல்லாம, ஒரு சொட்டுக் கரைசல் கூட குறையாம, கிலோவுக்கு 12 ரூபாய் இறங்கிடுச்சு. மருந்து அடிக்காததுக்காக நாம கூடுதலா குடுக்கறோம்னு நினைக்கறோம், ஆனா குடுக்கற கூடுதல்ல பெரிய பங்கு விக்காம போன காய்க்கும், பாதி காலியா ஓடின வண்டிக்கும் தான் போகுது. சின்ன பண்ணைங்க மூடறதும் பெரும்பாலும் புழுவால இல்ல, புதன்கிழம விக்காம நின்ன கீரைக்கட்டால தான்.

அதனால எப்படி விக்கறாங்க

மண்டி ஒத்து வராது. ஆர்கானிக் கடைக்குக் குடுத்தா வேலை மிச்சம், ஆனா பணம் லேட்டா வரும், விக்காதத திருப்பி அனுப்பறதும் உண்டு. வாரச் சந்தையில பேசி விக்கலாம், முகம் பழகும், மழை வந்தா அன்னிக்கு அவ்ளோ தான். உழவர் சந்தை 1999ல மதுரையில ஆரம்பிச்ச நல்ல திட்டம், இடைத்தரகர் இல்ல, ஆனா அங்க விலை பொதுவா எல்லாருக்கும் ஒண்ணு, மருந்தில்லாததுக்குன்னு கூடுதல் கேக்க முடியாது.

இப்ப சென்னையில சின்ன பண்ணைங்களுக்குக் கொஞ்சம் சரியா வர்றது வாரக் கூடை. 40 வீடு, மாசத்துக்கு முன்பணம், வாரத்துக்கு 5 கிலோ, என்ன விளைஞ்சுதோ அது தான் வரும். வெள்ளிக்கிழம வாட்ஸ்அப்ல லிஸ்ட், சனிக்கிழம சாயங்காலம் பறிப்பு, ஞாயிறு காலைல நாலு அபார்ட்மென்ட் வாசல். 200 கிலோ பறிச்சா 200 கிலோவும் போயிடும், வாடறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. இதுக்கு விவசாயி பக்கம் வேற மாதிரி திறமை வேணும். ஒரே நாள்ல அரை ஏக்கர் வெண்டை போட்டா ஒரே வாரத்துல வெள்ளமா கொட்டும், அடுத்த மாசம் ஒண்ணும் இருக்காது. பத்துப் பன்னெண்டு பயிர, பத்து நாளைக்கு ஒரு தடவ நாலு பாத்தின்னு பிரிச்சு விதைக்கணும். சிறுகீரை, முளைக்கீரை 25, 30 நாள்ல வந்துடும், அரைக்கீரை வெட்ட வெட்ட தளிர்க்கும், அதனால கூடைய காலியாகாம காப்பாத்தறது எப்பவும் கீரை தான்.

வாங்கறவங்க பக்கமும் கஷ்டம் தான். மூணு வாரம் தொடர்ந்து புடலங்காய் வந்தா வீட்டுல சண்டை. பாதி பேர் ரெண்டாவது மாசம் நின்னுடுவாங்க, எங்களுக்கு வேண்டிய காய் வரலங்கன்னு சொல்லிட்டு. வேண்டிய காய் வேண்டிய நேரத்துல வேணும்னா அதுக்கு கோயம்பேடு இருக்கு, 1996ல இருந்து அந்த வேலைய அது நல்லாத் தான் செய்யுது.

வாங்கறப்ப என்ன கேக்கறது

மருந்து அடிக்கறீங்களான்னு கேட்டா எல்லாரும் இல்லன்னு தான் சொல்வாங்க. வேற மாதிரி கேளுங்க.

1. இந்த வாரம் எது வரல, ஏன்? விளைவிக்கறவர் உடனே கதை சொல்வார், மாவுப்பூச்சி வந்துது, மோட்டார் போச்சுன்னு. விக்கறவர் மட்டும்னா முழிப்பார்.

2. கத்தரிக்கு புழு வந்தா என்ன பண்றீங்க? மேல சொன்ன அஞ்சு வழியில குறைஞ்சது ரெண்டு அவர் பதில்ல வரணும்.

3. எரு எங்க இருந்து வருது? சொந்த மாடா, வெளிய வாங்கறீங்களா, எத்தன லோடு?

4. வயலுக்கு வந்து பாக்கலாமா? வரலாம்னு சொன்னா மட்டும் போதாது, ஒரு தடவ நெஜமாவே போங்க. களையே இல்லாம துடைச்ச மாதிரி வயல் இருந்தா களைக்கொல்லியான்னு கேளுங்க.

5. பிஜிஎஸ் குழு இருக்கா? இருந்தா பதிவு எண் குடுப்பாங்க, இணையத்துல பாத்துக்கலாம்.

லேப் டெஸ்ட் ரிப்போர்ட்டும் சில பேர் காட்டுவாங்க. ஒரு சாம்பிளுக்கு சில ஆயிரம் ஆகும், அது அன்னிக்கு அனுப்பின அந்த ஒரு காய்க்குத் தான் சாட்சி. தேதியும், எத்தன மருந்துக்குப் பாத்தாங்கன்னும் பாருங்க, ரெண்டு வருஷம் முந்தின ஒரு வெண்டைக்காய் ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி மாட்டி வெச்சிருந்தா அது அலங்காரம்.

பண்ணை எப்ப கடையா மாறுது

விவசாயி பக்கம் அதிகம் குழப்பம் வர்ற இடம் இது. 40 வீடு, வாரம் 200 கிலோ, சராசரி கிலோ 60 ரூபாய்னு வெச்சா வாரத்துக்கு 12,000, வருஷத்துக்கு 6 லட்சத்து சொச்சம். 12 லட்சத்துக்குள்ள தான் இருக்கு. வீடு 80 ஆச்சுன்னா 12 லட்சத்த தாண்டிடும், அந்த விலக்கு போயிடும். அதுக்கு முன்னாடியே இன்னொண்ணு நடக்கும்: கூடையில கேரட்டும் உருளையும் கேக்கறாங்கன்னு ஊட்டியில தெரிஞ்சவர் கிட்ட இருந்து வாங்கி சேப்பாங்க, வெங்காயம் வேற ஒருத்தர் கிட்ட. அந்த நிமிஷத்துல இருந்து அந்த கேரட்டுக்கு இவர் விளைவிச்சவர் இல்ல, வாங்கி விக்கறவர். விளைவிச்சவருக்கான விலக்கு அந்த கேரட்டுக்குப் பொருந்தாது, ஆர்கானிக்னு சொல்லணும்னா ஊட்டிக்காரர் கிட்ட சான்றிதழ் இருக்கணும், இவருக்கும் உணவு வியாபாரியா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும், சின்ன அளவுக்கு அது வருஷத்துக்கு 100 ரூபாய் தான். பல பண்ணைங்க இதுக்குக் கண்டுபிடிச்ச வழி எளிமையானது: வாட்ஸ்அப் லிஸ்ட்ல ரெண்டு பகுதி, மேல எங்க வயல்ல விளைஞ்சது, கீழ வெளிய வாங்கினது, ஊர் பேரோட. உங்க லிஸ்ட்ல அந்த நடுக்கோடு இருக்கான்னு பாருங்க.